நான்கு துண்டு உணவு, பத்துப் பேர்

பத்துப் பேர் இருக்கிறார்கள். இருப்பதோ நான்கு துண்டு உணவு. மூன்று மாதமாக ஒரு பழைய விடுதியைச் சுற்றி வேலி கட்டி ஒளிந்து வாழும் கூட்டம் அது. வெளியே நடைப்பிணங்கள் திரிகின்றன. கூட்டத்தில் கிளெமன்டைன் என்றொரு சிறுமி, அவள் வயதை ஒத்த ஒரு பையன், நெஞ்சு நோயுள்ள ஒரு முதியவர், காட்டுக்குப் போய் வேட்டையாடி வரும் ஆண்கள், காவல் இருக்கும் பெண்கள். அன்றைக்கு யார் சாப்பிட வேண்டும் என்பதை ஆட்டக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். 2012-ல் டெல்டேல் நிறுவனம் வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ வீடியோ கேமின் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. குறி பார்த்துச் சுடுகிற திறமையெல்லாம் இங்கே உதவாது. ஒவ்வொருவரிடமாக நடந்து போய், முகத்தைப் பார்த்து, கொடுக்க வேண்டும் அல்லது கொடுக்காமல் திரும்ப வேண்டும்.

குழந்தைகளுக்குத்தான் முதலில் என்று பெரும்பாலோர் யோசிக்காமலே சொல்லிவிடுவோம். மீதி இரண்டு துண்டு யாருக்கு? நாளைக்கு இரை தேடிப் போகிறவனுக்கா? எந்நேரமும் சண்டை போடும் அந்த முதியவருக்கா? பசியை மறைத்து நிற்கும் நமக்கேயா? கேள்வி சிக்கலாவது இந்த இடத்தில்தான். நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு கணக்கை, நாம் அறியாத கணக்கை, அது வெளியே இழுத்துவிடுகிறது.

புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலை ரயில் புறப்படும் கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை; பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கும் மேட்டுப்பாளையம். ஷிஃப்ட் முடித்த இளைஞர்களும் பள்ளி விட்ட பையன்களும் போனைக் கிடைமட்டமாகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தெருக்கள் எந்தத் தமிழ் ஊரிலும் இருப்பதுபோல இங்கேயும் உண்டு. பப்ஜி என்ற குழுச் சண்டை ஆட்டத்தை 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்தது. கூட உட்கார்ந்து காது கொடுத்தால் அதிகம் கேட்கும் வாக்கியம் ஒன்று: “நாக் ஆயிட்டேன் மச்சான், ரிவைவ் பண்ணு!” சுடப்பட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கும் கூட்டாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சில விநாடி கை கொடுத்தால் அவன் எழுந்துவிடுவான். அந்தச் சில விநாடியும் நீங்கள் சுட முடியாது, ஓட முடியாது; எதிரிக்கு நீங்கள் உட்கார வைத்த இலக்கு. பெற்றோர் கண்ணில் சுடுவதுதான் படுகிறது. தன் உயிரைப் பணயம் வைத்து இன்னொருவனைத் தூக்கிவிடும் இந்தச் செயல் ஒரே ஆட்டத்தில் பல முறை நடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனாலும் அங்கே தவழ்பவன் நிஜ நண்பன். அவன் குரல் காதில் கேட்கிறது. அவனுக்காக மனம் இளகுவதில் வியப்பில்லை. வியப்பு கிளெமன்டைனிடம் இருக்கிறது. அவள் சில ஆயிரம் வரி நிரலும் ஒரு நடிகையின் பதிவு செய்த குரலும்தான். அவளுக்குப் பசிக்காது. அது நமக்குத் தெரியும். தெரிந்தும் கை ஏன் அவள் பக்கம் போகிறது?

விடை எண்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு சிறு அசைபடத்திலிருந்து தொடங்குகிறது. 1944-ல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம் ஆகியவை அங்குமிங்கும் நகர்வதைப் படமாக்கி, பார்த்ததைச் சொல்லும்படி 34 பேரிடம் கேட்டார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று வெறும் வடிவியலாகச் சொன்னவர் ஒரே ஒருவர். மற்ற அனைவரும் கதை சொன்னார்கள்: பெரியவன் முரடன், சின்னவன் துணிந்தவன், வட்டம் பயந்து ஓடுகிறது என்று. அசைவில் நோக்கம் தெரிந்தால் போதும், மூளை அங்கே ஓர் உயிரை வைத்துவிடுகிறது. இதற்கு ஓராண்டு முன்பே, 1943-ல், விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்: பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகிய அமைப்பு எந்த உயிரில் இருந்தாலும் அதைப் பேணத் தோன்றும் என்று. 2009-ல் மெலனி குளோக்கரும் அவர் குழுவினரும் குழந்தை முகப் படங்களில் இந்த அம்சங்களைக் கூட்டியும் குறைத்தும், குழந்தை பெறாத பெண்களுக்குக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அம்சங்கள் கூடக் கூட, பரிசையும் இன்பத்தையும் எதிர்பார்க்கும்போது செயல்படும் ‘நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்’ பகுதியின் இயக்கம் கூடியது. கிளெமன்டைனின் முகத்தை வரைந்தவர்களுக்கு இந்த ஆய்வு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓவியன் கை அறிவியலுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டது; கோயில் தேர்ச்சிற்பத்துக் குழந்தைக் கண்ணனைப் பார்த்தாலே தெரியும்.

மனம் நம்பவில்லை, ஆனாலும் உடல் நம்புகிறது என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டியது மெல் ஸ்லேட்டர் குழு 2006-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் செய்த ஆய்வு. கணினி உருவாக்கிய ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் அவளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். மில்கிராம் என்ற உளவியலாளரின் பழைய கீழ்ப்படிதல் சோதனையின் மெய்நிகர் வடிவம். அவளை எழுத்து வழியாக மட்டும் அறிந்த 11 பேரும் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தார்கள். அவளைப் பார்த்தும் கேட்டும் இருந்த 23 பேரில் 17 பேர்தான் முடித்தார்கள். மற்றவர்கள் இடையில் நிறுத்திக்கொண்டார்கள். தொடர்ந்தவர்களின் தோலும் இதயத் துடிப்பும்கூட நிஜமான மன உளைச்சலைக் காட்டின. அவள் நிஜமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முகமும் குரலும் வந்ததும் அந்த அறிவு பாதி செயலிழந்தது.

ஆகவே, ஆட்டத்தில் கெட்டது செய்யும் சுதந்திரம் கிடைத்தால் எல்லோரும் கெட்டவர்களாகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. ‘ஃபால்அவுட் 3’ என்ற பேரழிவுக்குப் பிந்தைய உலக ஆட்டத்தை மாணவர்களை ஆடச் சொல்லி ஆண்ட்ரூ வீவர், நிக்கி லூயிஸ் ஆகியோர் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. பெரும்பாலோர் எதிரே நிற்கும் பாத்திரங்களிடம் நிஜ மனிதரிடம் நடப்பதுபோலத்தான் நடந்துகொண்டார்கள். ‘மாஸ் எஃபெக்ட்’ விண்வெளி ஆட்டத்தில் நல்வழியும் முரட்டுவழியும் சம அக்கறையோடு எழுதப்பட்டிருந்தன. ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நல்வழியில் போனதாக அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2020-ல் சொன்னார். முரட்டுவழிக்கு உழைத்த எழுத்தாளர்களுக்கு வருத்தம்தான்.

இதைக் கேட்டு மகிழ்ந்து நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏனென்றால் பெரும்பாலான ஆட்டங்களில் நல்லவராக இருப்பதற்குச் செலவே இல்லை. 2007-ல் வந்த ‘பயோஷாக்’ இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். கடலடி நகரம் ஒன்றில் ‘லிட்டில் சிஸ்டர்ஸ்’ எனப்படும் சிறுமிகள் அலைகிறார்கள். அவர்கள் உடலில் ‘ஆடம்’ என்ற பொருள் ஊறியிருக்கிறது. நமக்குச் சக்தி தருவது அதுதான். சிறுமியைக் கொன்று உறிஞ்சினால் 160 ஆடம். காப்பாற்றி அனுப்பினால் 80 மட்டும். பாதிக்குப் பாதி இழப்பு, நல்ல அறச்சோதனை என்று தோன்றும். ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றியதும் பரிசாக 200 ஆடமும் வேறு சில பொருள்களும் வந்து சேரும். கணக்குப் போடுங்கள்: மூவரைக் கொன்றால் 480, மூவரைக் காத்தால் 440 உடன் பரிசுப் பொருள்கள். தியாகம் என்று காட்டப்பட்டது உண்மையில் கொஞ்சம் தாமதமாக வரும் வட்டி. அந்த ஆட்டம் பல வகையிலும் அருமையானது. இந்த இடத்தில் மட்டும் அது ஆட்டக்காரரைக் கைவிட்டது என்பேன். காப்பாற்றியதால் பெரிதாக எதுவும் குறையவில்லை என்றால் அங்கே தேர்வு நடக்கவில்லை, ரசனை மட்டும்தான் நடந்திருக்கிறது.

விலையை மறைக்காமல் வைத்த ஆட்டம் ஒன்று உண்டு. போலந்துத் தலைநகர் வார்சாவில் உள்ள 11 பிட் ஸ்டுடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் கிடந்த சரயேவோ நகரத்து மக்களின் வாழ்க்கைதான் அதற்குத் தூண்டுதல். நீங்கள் படைவீரர் அல்ல. இடிந்த ஒரு வீட்டில் ஒண்டியிருக்கும் சாமானியர்கள்: ஒரு சமையல்காரர், ஒரு பத்திரிகையாளர், ஒரு கால்பந்து வீரர். பகலில் குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பருக்குப் பயந்து வெளியே வர முடியாது. அடுப்பு செய்யலாம், கட்டில் செய்யலாம், இருந்தால் சமைக்கலாம். இரவில் ஒருவர் மட்டும் பையோடு கிளம்பி வேறு இடங்களில் பொறுக்கி வர வேண்டும்.

அப்படிப் போகக்கூடிய இடங்களில் ஒன்று, வயதான கணவனும் மனைவியும் வசிக்கும் வீடு. அலமாரியில் உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. அவர்களிடம் ஆயுதம் இல்லை. கிழவர் பின்னாலேயே தள்ளாடி வந்து, எடுக்காதீர்கள் என்று கெஞ்சுவார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கிறார். எடுத்தால் அவர் பிழைப்பார். எடுத்துக்கொண்டு வீடு திரும்பினால் ஆட்டம் உங்களைத் திட்டாது, மதிப்பெண் குறைக்காது. அடுத்த நாள், எடுக்கப் போனவர் சோகமாக இருப்பார். உடனிருப்பவர்களும் அதைப் பேசுவார்கள். சோகம் முற்றினால் மனச்சோர்வு. அதுவும் முற்றினால் உடைந்துபோய் எழுந்திருக்க மறுப்பார். எல்லாப் பாத்திரமும் ஒரே அளவுக்கு வருந்துவதில்லை. ஒருவருக்கு உறுத்துவது இன்னொருவருக்கு உறுத்தாது. சில நாள் கழித்து அதே வீட்டுக்குப் போனால் இருவரும் இறந்து கிடக்கலாம்.

இதற்குள் இருக்கும் பொறி எளிமையானது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பசி, களைப்பு, நோய், காயம், மனநிலை என்று சில எண்கள். ஒரு செயல் நடந்ததும் அதற்கான குறி பதிவாகிறது. அந்தக் குறி மனநிலை எண்ணைக் கீழே இழுக்கிறது. மனநிலை தாழ்ந்தால் நடையும் வேலையும் மெதுவாகின்றன. அதனால் உணவு இன்னும் குறைகிறது. குற்றவுணர்வை வசனமாகச் சொல்லாமல் உடலின் தளர்ச்சியாக மாற்றியதுதான் கெட்டிக்காரத்தனம். இன்னொன்று, விரும்பிய இடத்தில் சேவ் செய்துவிட்டுப் பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் வசதி இல்லை. விடியும்போது ஆட்டம் தானே பதிந்துகொள்கிறது. செத்தவர் செத்தவர்தான். கதவைத் தட்டி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து வேண்டும் என்று குழந்தைகள் வந்து நிற்கும் காட்சியும் உண்டு. கொடுத்தால் வீட்டாரின் மனம் கொஞ்சம் தேறும், மருந்து அலமாரி காலியாகும். 2020 ஜூனில் போலந்துப் பிரதமர் இந்த ஆட்டத்தைப் பள்ளிகளின் பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். 18 வயது நிறைந்த மாணவர்களுக்கு, நாவலும் நாடகமும் இருக்கும் பட்டியலில். போரை வெற்றி தோல்வியாக மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் தோன்றவில்லை.

அதே நிறுவனம் 2018-ல் ‘ஃப்ராஸ்ட்பங்க்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. உலகம் உறைந்துவிட்டது, நடுவில் ஒரு பெரிய உலை, அதைச் சுற்றி ஒரு நகரம். நீங்கள் அதன் தலைவர். ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் முன்னால் வரும்: குழந்தைகளை நிலக்கரி பொறுக்கும் வேலைக்கு அனுப்பலாமா, அல்லது அவர்களுக்குக் காப்பகம் கட்டலாமா? கிளெமன்டைனுக்கு ஒரு துண்டு உணவு கொடுக்கத் துடித்த அதே கை இங்கே குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவது குறைவு. ஏனென்றால் நகரம் மேலிருந்து தெரிகிறது. குழந்தைகள் புள்ளிகள். உழைப்பாளர் எண்ணிக்கை ஓர் ஓரத்தில் ஏறி இறங்குகிறது.

2007-ல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை நன்கொடையில் அளந்தது. ஒரு குழுவினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும் காட்டப்பட்டன, சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு ஆப்பிரிக்காவில் பசியில் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரம், 1.14 டாலர். மூன்றாவது குழுவுக்கு ரோக்கியாவின் படத்தோடு புள்ளிவிவரமும் சேர்த்துக் காட்டப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தது 1.43 டாலர்தான். எண் வந்ததும் இரக்கம் தணிந்துவிட்டது.

வலுவற்றவரைக் காக்கும் அறத்தில் இரக்கத்தின் எல்லை இதுதான் என்று நினைக்கிறேன். அது முகத்தைத் தேடுகிறது. முகம் தெரியாதவர் விடுபட்டுப்போகிறார். ஆட்டங்கள் முகம், எண் என்ற இரண்டு பாதியையும் வெவ்வேறு திரையில் காட்டுகின்றன; இரண்டையும் ஆடிப் பார்த்தவருக்குத்தான் தன் மனத்தின் வடிவம் தெரியும்.

நிஜ உலகம் இந்தக் குறைக்கு ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது; 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம். அதே காலத்துப் பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, நெப்போலியனின் போர்க்களங்களில் ஒரு விதியை நிலைநாட்டினார்: பதவி பார்க்கக் கூடாது, காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை போட வேண்டும். தளபதியின் கீறலுக்கு முன்னால் சிப்பாயின் அறுபட்ட கால். இன்று ட்ரயாஜ் என்ற பெயரில் பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பது அதன் வளர்ச்சி. முதலில் கத்துகிறவரைப் பார்க்காதே, கத்துகிறவர் மூச்சுவிடுகிறார், சத்தமில்லாமல் கிடப்பவரைப் பார் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் பாடம்.

பலர் ஒரே நேரத்தில் அடிபடும்போது பயன்படுத்த 1983-ல் கலிபோர்னியாவில் ‘ஸ்டார்ட்’ என்ற முறை வகுக்கப்பட்டது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு அட்டை; அடுத்தவரிடம் போய்விட வேண்டும். குழந்தைக்கு மட்டும் இந்த விதி வேறு. லூ ரோமிக் என்ற குழந்தைகள் அவசர மருத்துவர் 1995-ல் வகுத்த ‘ஜம்ப்ஸ்டார்ட்’ முறைப்படி, மூச்சில்லாத குழந்தைக்கு நாடி இருந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு திரும்பினால் சிவப்பு அட்டை. இந்தச் சலுகை பாசத்தால் வந்ததில்லை. பெரியவருக்கு இந்த நிலையில் மூச்சு நின்றிருந்தால் இதயமும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். குழந்தைக்கு முதலில் நிற்பது மூச்சுதான், இதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிறு இடைவெளிக்காகத்தான் ஐந்து மூச்சு. கண் உருண்டையாக இருக்கிறதா, முகம் அழகாக இருக்கிறதா என்பது அதில் வரவே வராது. இரக்கம் செய்ய நினைத்ததை உடலியல் நியாயமாகச் செய்துவிடுகிறது. அதுவும் முடிவெடுக்கும் செவிலியரின் நெஞ்சில் முழுப் பாரத்தையும் ஏற்றாமல்.

சர்வைவல் ஆட்டம் செய்வது இதற்கு நேர் எதிர். எந்த விதியும் முன்கூட்டி எழுதப்படாத இடத்தில் ஒற்றை ஆளை நிறுத்தி, யாரைக் காப்பாய் என்று கேட்கிறது. அதனால்தான் அது வலிக்கிறது, அதனால்தான் அது பயனுள்ளது. ஆனால் வலியும் தேயும். ஆட்டத்தில் கெட்டது செய்தவர்களுக்கு வரும் குற்றவுணர்வு அவர்களின் அற உணர்வைக் கூர்மையாக்குகிறது என்று மாத்யூ கிரிசார்டு குழு 2014-ல் கண்டது. அவரே பங்கெடுத்த அடுத்த ஆய்வில், ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியபோது குற்றவுணர்வு குறைந்தது. வேறு புதிய ஆட்டத்துக்கு மாறியபோதும் அது முழுதாகத் திரும்பவில்லை. கிழவர் வீட்டில் முதல் முறை மருந்தை எடுப்பவர் உறங்க முடியாமல் தவிக்கலாம். பத்தாவது முறை அது வெறும் அலமாரி.

இந்த மண்ணுக்கு ஓர் ஆட்டம் யாராவது செய்தால் என்று அடிக்கடி யோசிக்கிறேன். களம் தேடிப் போக வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதன் பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறி, ராணுவம் படகோடு இறங்கியது. நான் நினைக்கும் ஆட்டத்தில் நீங்கள் ஒரு தெருவின் தன்னார்வலர். ஒரு ரப்பர் படகு, ஆறு இருக்கை, கரண்ட் இல்லை, போனில் கொஞ்சம் சார்ஜ். மாடியிலிருந்து டார்ச் அடித்துக் கத்தும் குடும்பம் கண்ணுக்குத் தெரியும். தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியின் வீட்டிலிருந்து சத்தமே வராது. அவர் அங்கே இருப்பது திரையில் எங்கும் காட்டப்படாது. முன்பே கேட்டு வைத்திருந்தால்தான் தெரியும்.

ஆகவே அந்த ஆட்டம் புயல் இரவில் தொடங்கக் கூடாது. அதற்கு ஒரு வாரம் முன்பு, வெயில் அடிக்கும்போதே தொடங்க வேண்டும். தெருவில் வீடு வீடாகப் போய், யார் நடக்க முடியாதவர், யாருக்கு டயாலிசிஸ், யார் எட்டு மாதக் கர்ப்பிணி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் எந்த அறையில் எத்தனை பேர் என்று கேட்டு எழுத வேண்டும். சலிப்பான வேலை, பல ஆட்டக்காரர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள், தவிர்க்கவும் ஆட்டம் அனுமதிக்க வேண்டும். பட்டியல் போட்டவருக்கும் போடாதவருக்கும் அன்றிரவு ஒரே படகு, ஒரே ஆறு இருக்கைதான். வெள்ளம் வடிந்தபின் இன்னும் நான்கு நாள் ஆட்டம் ஓட வேண்டும்: ஃபிரிட்ஜ் நின்று இன்சுலின் கெட்டுப்போன வீடு எது, முகாமிலிருந்து திரும்ப வழியில்லாத முதியவர் யார் என்று தேடுவதற்கு.